கூட்டுப் பட்டமும் அரசு மானியமும்: சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்?

சேர்க்கைக் காலம் வந்தால் சேலத்துப் பெற்றோர் காதில் மூன்று சொற்கள் சேர்ந்தே விழுகின்றன: வெளிநாட்டு ஒப்பந்தம், சர்வதேசக் கூட்டுப் பட்டம், அரசு மானியம். மூன்றும் ஒரே பொட்டலம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். கல்லூரி நிர்வாகங்களிலும் இந்த மயக்கம் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுடன் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த ஆண்டே மானியம் வரும் என்று நம்பி வேலையைத் தொடங்குகிறார்கள்.

உண்மையில் இவை மூன்றும் வெவ்வேறு விதிகளின்படி, வெவ்வேறு அலுவலகங்களில் தீர்மானமாகின்றன. மானிய விண்ணப்பம் இந்த வரிசையில் கடைசியில் வருவது. அதை முதலில் எடுத்தவர்கள் நடுவழியில் நின்றுபோவதற்கான காரணங்களை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம்

பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யுஜிசி, 2022 மே மாதத்தில் இந்திய, வெளிநாட்டு உயர்கல்வி நிறுவனங்களின் கூட்டுப் படிப்புகளுக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. அதில் மூன்று வகைகள் உள்ளன.

1. ட்வினிங்: படிப்பின் ஒரு பகுதியை வெளிநாட்டில் படிக்கலாம். அங்கே பெறும் கிரெடிட், அதாவது படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு, மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டம் தருவது இந்திய நிறுவனம் மட்டுமே.

2. கூட்டுப் பட்டம்: பாடத்திட்டத்தை இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுக்கின்றன. மாணவர் இரண்டு இடத்திலும் தலா 30 சதவீதமாவது கிரெடிட் பெற வேண்டும். கிடைப்பது ஒரே சான்றிதழ், அதில் இரு நிறுவனங்களின் பெயரும் இருக்கும்.

3. இரட்டைப் பட்டம்: ஒரே துறையில் ஒரே படிப்பு, ஆனால் இரு நிறுவனங்களும் தனித்தனியே, ஒரே காலத்தில் பட்டம் தருகின்றன. இந்திய நிறுவனத்தில் 30 சதவீதக் கிரெடிட்டாவது பெற்றிருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது வகையைத்தான் அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு படிப்புகளைப் படிக்கலாம் என்று யுஜிசி 2022 ஏப்ரலில் அறிவித்தது வேறு விஷயம். காலையில் பி.காம்., மாலையில் வேறொரு துறைப் படிப்பு என்று சேர்த்துப் படிப்பதற்கான வழி அது. அதற்கும் இரட்டைப் பட்டத்துக்கும் தொடர்பு இல்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தம் இந்த மூன்றிலும் சேராது. இருவரும் ஒத்துழைக்க விரும்புகிறோம் என்று எழுதிவைத்துக்கொள்ளும் தாள், அவ்வளவுதான். ஆசிரியர் பரிமாற்றத்துக்கும் கருத்தரங்குக்கும் அது போதும், பட்டத்துக்குப் போதாது. ஆன்லைன் வழி, தொலைநிலைக் கல்வி வழிப் படிப்புகளும் இந்த விதிகளுக்குள் வராதவை. வெளிநாட்டுப் பெயரை வாடகைக்கு எடுத்து நடத்தும் 'பிரான்சைஸ்' ஏற்பாட்டை, நேரடியாகவோ மறைமுகமாகவோ எப்படி நடத்தினாலும், விதிகள் தடை செய்கின்றன.

பட்டம் தரும் அதிகாரம் யாரிடம்?

1956-ஆம் ஆண்டு யுஜிசி சட்டத்தின் 22-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே இந்தியாவில் பட்டம் வழங்க முடியும். கல்லூரிக்கு அந்த அதிகாரம் இல்லை. தன்னாட்சி பெற்ற கல்லூரி தேர்வை நடத்தலாம், பாடத்திட்டத்தை வகுக்கலாம். பட்டச் சான்றிதழ் மட்டும் இணைவு தந்த பல்கலைக்கழகத்திலிருந்துதான் வரும்.

சேலத்துக்கு இதன் பொருள் என்ன? கலை அறிவியல் கல்லூரி என்றால் பெரும்பாலும் பெரியார் பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழகம் சம்மதித்தால்தான் கூட்டுப் பட்டத்தில் இந்தியக் கையெழுத்து விழும். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சுற்று கிடையாது. ஏற்காடு மலைப்பாதையில் ஒரு கல்லூரியும் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகமும் என்னதான் நெருக்கமாகப் பேசி முடித்திருந்தாலும், பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழுவும் ஒப்புக்கொள்ளாத வரை அது பேச்சளவிலேயே நிற்கும்.

அடுத்த கேள்வி தகுதி. நாக் எனப்படும் தேசிய மதிப்பீட்டுக் குழுவின் தர மதிப்பீட்டில் 3.01 புள்ளியாவது பெற்ற நிறுவனம், என்ஐஆர்எஃப் என்னும் மத்திய அரசுத் தரவரிசையின் பல்கலைக்கழகப் பிரிவில் முதல் 100-க்குள் வந்த நிறுவனம், அல்லது 'இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் எமினன்ஸ்' என்னும் சிறப்புமிகு நிறுவனத் தகுதி பெற்ற நிறுவனம் ஆகியவை, டைம்ஸ் அல்லது கியூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் யுஜிசியிடம் தனியே அனுமதி கேட்காமலே இணையலாம். இந்த வட்டத்துக்குள் வராத கூட்டணி என்றால் யுஜிசியின் கதவைத் தட்டியாக வேண்டும்.

பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பட்டது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அதன் எல்லை. 2021-இல் நாக் அதற்கு ஏ++ தரம் வழங்கியது. ஏ++ என்றால் 3.51 அல்லது அதற்கு மேல். ஆகவே நம் பக்கத்துத் தகுதியில் குறையில்லை. சிக்கல் எதிர்ப்பக்கத்தில்தான் வருகிறது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளோடு இணைய ஆர்வம் காட்டுபவை பெரும்பாலும் ஜெர்மனியின் 'ஹோக்‌ஷூலே' எனப்படும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள். தொழிற்சாலைகளோடு ஒட்டி நடக்கும் நல்ல கல்வி அங்கே கிடைக்கிறது. ஆனால் உலகத் தரவரிசைகள் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிக மதிப்புத் தருபவை என்பதால் அவற்றில் பல நிறுவனங்கள் பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை. தரமான கூட்டாளி, ஆனால் விதிக்குள் பொருந்தாத கூட்டாளி. என் பார்வையில் இந்த விதியின் பெரிய குறை இதுவே. சேலம் போன்ற தொழில் நகரத்துக்கு மிகவும் பயன்படக்கூடிய கல்வி நிறுவனங்களைத் தரவரிசை என்ற ஒற்றை அளவுகோல் வெளியே நிறுத்திவிடுகிறது.

பொறியியல், சட்டம், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு என்றால் அந்தந்தத் துறைக்குரிய மன்றத்தின் ஒப்புதலும் இதன் மேல் சேரும்.

மானியம் எங்கிருந்து, எதற்காக?

அரசு மானியம் என்று பொதுவாகச் சொன்னாலும் எந்த அரசு, எந்தச் செலவுக்கு என்று பார்த்தால் படம் மாறுகிறது.

மத்திய அரசின் ஜியான் திட்டம் 2015-இல் தொடங்கியது. வெளிநாட்டுப் பேராசிரியரை வரவழைத்துக் குறுகிய காலப் பாடம் நடத்துவதற்கான பணம் அது. 12 முதல் 14 மணி நேரப் பாடத்துக்கு 8,000 டாலர் வரையிலும், 20 முதல் 28 மணி நேரத்துக்கு 12,000 டாலர் வரையிலும் வகுத்தார்கள். 2018-இல் வந்த ஸ்பார்க் திட்டம் கூட்டு ஆய்வுக்கானது. இரண்டும் பட்டப் படிப்பை நடத்துவதற்கான பணம் இல்லை. ஆனால் இரண்டு துறைகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள நல்ல வழி. கூட்டுப் படிப்பு வேண்டும் என்பவர்கள் இவற்றை முதல் படியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி, இரட்டைப் பட்டப் படிப்புகளுக்கு நிதி தருகிறது. அதற்கு விண்ணப்பிப்பது ஜெர்மானியப் பல்கலைக்கழகம், சேலத்துக் கல்லூரி அதில் கூட்டாளி. இங்கிருந்து எழுத வேண்டியது மானிய விண்ணப்பத்தை அன்று, ஜெர்மானியப் பேராசிரியருக்கு ஒரு தெளிவான கடிதத்தை.

நேரடியாகக் கூட்டு முதுநிலைப் பட்டத்துக்கென்றே இருக்கும் பெரிய நிதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். இதில் இரண்டு கதவுகள் உண்டு.

ஒன்று, வடிவமைப்பு மானியம். இன்னும் பாடத்திட்டம் முடிவாகாதவர்களுக்கு 60,000 யூரோ, 15 மாத காலம். கூட்டாளிகளைத் தேடவும் கிரெடிட் கணக்கை ஒத்துப்பார்க்கவும் ஒப்பந்த வரைவு எழுதவும் இது உதவும். முதல் முறை இறங்குபவர்கள் இதைத் தாண்டிப் பெரிய மானியத்துக்கு ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, முழு மானியம். குறைந்தது 3 வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 3 உயர்கல்வி நிறுவனங்கள் வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டு, ஐரோப்பிய ஒன்றியத்திலோ திட்டத்தோடு இணைந்த நாட்டிலோ இருக்க வேண்டும். இந்திய நிறுவனம் முழுக் கூட்டாளியாகச் சேரலாம். நான்கு மாணவர் தொகுதிகளாவது நடக்க வேண்டும், திட்டக் காலம் 74 மாதம். தேர்வான மாணவருக்கு மாதம் 1,400 யூரோ உதவித்தொகை, அதிகபட்சம் 24 மாதம். அவரிடம் கல்விக் கட்டணம் வாங்கக் கூடாது. நடத்தும் நிறுவனங்களுக்கு ஓர் உதவித்தொகை மாணவருக்கு மாதம் 750 யூரோ என்ற கணக்கில் பணம் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஆண்டுப் படிப்பில் ஒரு மாணவர் கையில் சேர்வது 33,600 யூரோ. நிறுவனங்களுக்கு வருவது 18,000 யூரோ, அதுவும் எல்லாக் கூட்டாளிகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தொகை. கட்டடம் எழுப்ப, ஆய்வகம் வாங்க என்று இந்த மானியத்தை எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். பெரும்பங்கு மாணவருக்குப் போகிறது. அதுவே நியாயமும்கூட.

பெற்றோருக்கும் இங்கே ஒரு செய்தி இருக்கிறது. உதவித்தொகைகளில் ஒரே நாட்டுக் குடிமக்களுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி. சில பகுதிகளுக்கென்று தனியே சேர்க்கும் கூடுதல் உதவித்தொகைகள் இந்த வரம்பில் சேரா. சேலத்துக் கல்லூரி கூட்டாளி என்பதால் சேலத்துப் பிள்ளைகளுக்கு இடம் உறுதி என்று யாராவது சொன்னால் அது தவறு.

25-க்கும் 30-க்கும் நடுவில் சிக்கும் படிப்பு

பேச்சுவார்த்தைகளில் கடைசி வரை யாரும் கவனிக்காமல் விடுவது கிரெடிட் கணக்கு. இதில் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

இந்தியாவின் தேசியக் கிரெடிட் கட்டமைப்பில் ஓர் ஆண்டுப் படிப்பு 40 கிரெடிட். ஒரு கிரெடிட் 30 மணி நேர உழைப்பு, ஆக ஆண்டுக்கு 1,200 மணி. ஐரோப்பாவின் இசிடிஎஸ் முறையில் ஓர் ஆண்டு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி, ஆக ஆண்டுக்கு 1,500 முதல் 1,800 மணி. ஆண்டை வைத்து ஒப்பிட்டால் நம் 2 கிரெடிட் அவர்களின் 3 கிரெடிட்டுக்குச் சமம். மணியை வைத்து ஒப்பிட்டால் நம் 2 கிரெடிட்டுக்கான 60 மணி, அவர்களின் 3 கிரெடிட்டுக்கான 75 முதல் 90 மணிக்குச் சமமாகாது. எந்த அளவை எடுப்பது என்று முதலிலேயே எழுதிவைக்காவிட்டால் மதிப்பெண் பட்டியல் தயாராகும் நாளில் தகராறு வரும்.

அடுத்தது சதவீதம். நான்கு செமஸ்டர் முதுநிலைப் படிப்பில் ஒரு செமஸ்டர் என்பது 25 சதவீதம். யுஜிசி கேட்பதோ 30. ஜெர்மனியில் வசிக்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். எராஸ்மஸ் முண்டஸ் விதிப்படி, தான் வசிக்கும் நாடு அல்லாத இரண்டு நாடுகளில் அவர் படித்தாக வேண்டும். ஒரு செமஸ்டர் போலந்து, ஒரு செமஸ்டர் சேலம், மீதி ஜெர்மனி என்று திட்டமிட்டால் ஐரோப்பிய விதி நிறைவேறுகிறது. இந்திய விதி நிறைவேறவில்லை. 80 கிரெடிட்டில் 24 வேண்டிய இடத்தில் அவர் கையில் 20 மட்டுமே இருக்கும். அவருக்குச் சேலத்துப் பட்டம் தர முடியாது.

அந்த 4 கிரெடிட் குறையை அடைக்க இரண்டு வழிகள் தெரிகின்றன. மொத்த 80 கிரெடிட்டுக்குள்ளேயே சேலத்தில் கள ஆய்வுப் பயிற்சி ஒன்றைச் சேர்க்கலாம். 4 கிரெடிட் என்றால் 120 மணி, சேர்வராயன் மலையில் மூன்று வார வேலை. ஐரோப்பியப் பக்கம் இதையே 6 இசிடிஎஸ் என்று எழுத வேண்டுமானால் 150 மணியாவது ஆக வேண்டும், ஆக நான்கு வாரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. இல்லையென்றால் ஆய்வேட்டை இரு நாட்டு வழிகாட்டிகளும் சேர்ந்து நடத்தி, கிரெடிட்டைப் பிரித்துக்கொள்ளலாம். ஒரே பாடத்தை இரண்டு இடத்திலும் படித்து இரண்டு முறை கிரெடிட் வாங்குவதை விதி ஏற்காது என்பதால் முதல் வழியே எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

மாணவர் சேலத்துக்காரர் என்றால் கணக்குத் திரும்பிவிடும். அவருக்கு இந்தியா வசிக்கும் நாடு. இரண்டு செமஸ்டர் சேலம், ஒன்று ஜெர்மனி, ஒன்று போலந்து என்று போனால் சேலத்துப் பங்கு 50 சதவீதம். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் 25தான். ஒரே சான்றிதழில் மூன்று பெயரும் வர வேண்டும், மூன்றுக்கும் 30 சதவீதம் வேண்டும் என்றால் 90 போய்விடுகிறது, மீதி 10தான். நான்கு கூட்டாளி என்றால் 120, கணக்கே இடம் தராது. யுஜிசி விதி இரண்டு நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, ஐரோப்பிய மானியம் மூன்று நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நெருக்கடி அங்கேதான் பிறக்கிறது.

இதனால்தான் முதல் முயற்சிக்கு இரட்டைப் பட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். எராஸ்மஸ் முண்டஸ் ஒரே கூட்டுப் பட்டத்தையும் ஏற்கிறது, தனித்தனிப் பட்டங்களையும் ஏற்கிறது. இரட்டைப் பட்டத்தில் இந்தியப் பங்கு 30 சதவீதம் என்ற ஒரே எல்லையைக் காத்தால் போதும்.

பணம் சேலம் வந்து சேரும் பாதை

வெளிநாட்டு மானியம் என்றதும் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, குறுக்கே வருகிறது. அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகள் கவனிக்க வேண்டியவை:

1. பதிவு அல்லது முன்அனுமதி இல்லாமல் வெளிநாட்டு நிதியைப் பெறக் கூடாது. பதிவுக்குப் பொதுவாக அமைப்பு 3 ஆண்டுகளாவது இயங்கி, தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும்.

2. பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். சேலத்து வங்கிக் கணக்கு எண்ணை விண்ணப்பத்தில் எழுதிவிட்டுப் பிறகு தவிப்பதில் பயனில்லை.

3. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2020-க்கு முன் இது 50 ஆக இருந்தது.

4. பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பதிவு உள்ள ஒரு கல்லூரி வாங்கி, பதிவு இல்லாத பக்கத்துக் கல்லூரிக்குப் பங்கு தரலாம் என்ற யோசனை 2020 திருத்தத்தோடு முடிந்தது.

மாநிலச் சட்டத்தால் அமைந்த நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு, கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கட்டாயமாகத் தணிக்கை செய்யும் அமைப்புகளுக்கானது. வேறு தணிக்கைத் துறையின் கீழ் இருந்தால் விலக்குத் தானாக வராது, சட்ட ஆலோசனை கேட்டுவிட்டே கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டு மாணவர் செலுத்தும் கல்விக் கட்டணம் இந்தச் சட்டத்தில் நன்கொடையாகக் கருதப்படுவதில்லை என்பது கொஞ்சம் ஆறுதல்.

மதிப்பெண் எங்கே கிடைக்கிறது?

எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்பத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 40 'பொருத்தம்' என்ற தலைப்புக்கு: இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பது. அதில் 30-ஆவது எடுக்காவிட்டால் மற்றவற்றில் எவ்வளவு எடுத்தாலும் நிராகரிப்புதான். மொத்தத்தில் 70 வேண்டும்.

சேலம் இந்த 40-ஐத் தொலைப்பது தன்னைப் பற்றி எழுதாததால். உலகத் தரம், நவீன வசதி, சிறந்த ஆசிரியர்கள் என்ற வரிகளை எந்த ஊர்க் கல்லூரியும் எழுதலாம். சேலம் மட்டுமே எழுதக்கூடியவை வேறு. சேர்வராயன் மலையில் பாக்சைட், நகருக்கு அருகிலேயே மேக்னசைட் என்று நிலவியல் மாணவருக்குத் திறந்தவெளி ஆய்வகம். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி, ஸ்டார்ச் எடுக்கும் ஆலைகளும், 1981 முதல் இயங்கும் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பும். துருப்பிடிக்காத எஃகு உருட்டும் சேலம் உருக்காலை. 1960-இல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டம், நிழல் மரங்களுக்குக் கீழே மிளகோடு வளரும் காப்பித் தோட்டங்கள்.

உணவுப் பொறியியல் கூட்டுப் படிப்பில் ஐரோப்பிய நிறுவனம் ஸ்டார்ச்சின் வேதியியலைக் கற்றுத்தரட்டும். ஈர மாவு பிழிவதிலிருந்து கழிவுநீர் வரை ஒரு முழுத் தொழிலை நேரில் பார்க்க மாணவர் இங்கே வர வேண்டும். மலைச் சூழலியல் படிப்பில் ஆல்ப்ஸ் மலைக்கு அருகே உள்ள பல்கலைக்கழகமும் சேர்வராயனும் சேர்ந்தால், மலையில் தலைமுறைகளாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் நில அனுபவமும் பாடத்தில் இடம்பெற வேண்டும். வெறும் தகவல் தருபவர்களாக அன்றி, கள ஆய்வுக்கு மதிப்பூதியம் பெறும் வழிகாட்டிகளாக அவர்கள் அந்தப் படிப்பில் இருக்க வேண்டும்.

எதை எப்போது செய்வது

எராஸ்மஸ் முண்டஸ் விண்ணப்ப அழைப்பு வழக்கமாக நவம்பர் வாக்கில் வெளியாகிப் பிப்ரவரியில் முடிகிறது. அழைப்பைப் பார்த்த பிறகு தொடங்கினால் மூன்று மாதம்தான் மிச்சம். பல்கலைக்கழகக் குழுக்களின் ஒப்புதலுக்கே அது போதாது. நடைமுறைக்கு ஒத்துவரும் வரிசை:

1. பட்டம் தரும் பல்கலைக்கழகத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம்.
2. கூட்டாளியின் தரவரிசையும், யுஜிசி ஒப்புதல் தேவையா என்பதும்.
3. செமஸ்டர் வாரியாக, மாணவர் வசிக்கும் நாடு வாரியாகக் கிரெடிட் அட்டவணை.
4. எஃப்சிஆர்ஏ நிலை.
5. ஐரோப்பிய ஆணையத்தின் நிதி இணையவாயிலில் நிறுவனத்தைப் பதிந்து 9 இலக்க அடையாள எண் பெறுதல்.
6. அதன் பிறகே விண்ணப்பம்.

மாணவரும் பெற்றோரும் கேட்க வேண்டியவை

சேர்க்கை மேசையில் உட்காரும்போது தயங்காமல் கேளுங்கள். பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் வரும், மாதிரி இருக்கிறதா? ட்வினிங்கா, கூட்டா, இரட்டையா? கட்டணம் மொத்தம் எவ்வளவு, வெளிநாட்டில் இருக்கும் மாதங்களுக்கு யார் செலவு? இடையில் நின்றுவிட்டால் அதுவரை பெற்ற கிரெடிட் எங்கே செல்லும்? இடைவிலகும் வழியையும் கட்டணத்தையும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. 2022 விதிகளுக்கு உட்பட்ட பட்டம் என்றால் இந்தியப் பட்டத்துக்கு ஈடானது என்னும் சமநிலைச் சான்றைத் தனியே வாங்கத் தேவையில்லை. அந்த விதிகளுக்கு உட்பட்டதுதானா என்று கல்லூரி எழுத்தில் தர மறுத்தால், முன்பணம் கட்டாமல் எழுந்து வாருங்கள்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை தனியே இருக்கிறது. அது மாணவர் பெயரில் வருவது, கல்லூரியின் ஒப்பந்தத்தைச் சார்ந்தது இல்லை. ஏற்காட்டிலிருந்து படிக்க வரும் பழங்குடிப் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்ல ஒரு கல்லூரிக்கு எந்த மானியமும் வேண்டியதில்லை, இந்த ஆண்டே சொல்லலாம்.